மதுபருக்க விதியும் ஆவின் விடுதலையும்

பண்டை வேதகாலத்து வேள்வியினும் விருந்தினும் ஆனினம் கொல்லப்பட்டதுண்டா, அதன் ஊனை மேலோர் உண்டதுண்டா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. 1872 ஆம் ஆண்டிலேயே இராசேந்திரலால மித்திரர் வங்காள ஆசியக் கழகத்து வெளியீட்டில் இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். 1941 இல் வெளிவந்த தருமசாத்திர வரலாற்றின் இரண்டாம் பகுதியிற் பாண்டுரங்க வாமன காணே இதற்குரிய சான்றுகளை ஒளியாது தொகுத்துக் காட்டினார். 1948 இல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்த தம் நூலில், ஆவின் ஊனுண்டலையே அதற்கு வேராகக் கொண்டு வழக்குரைத்தார். 2001 இல் து. நா. ஜா என்னும் வரலாற்றாசிரியர் இப்பொருள்பற்றி யெழுதிய நூல் எதிர்ப்பினால் இந்நாட்டில் நின்று, 2002 இல் இலண்டனில் வெளியாயிற்று. இத்துணை ஆய்வு நிகழ்ந்த பின்னரும் நம் சைவக் கூட்டங்களில் இருவகை உரைகளே கேட்கப்படுகின்றன. ஒரு சாரார், வேதத்தில் ஆவின் கொலை என்பது பிறநாட்டார் புனைந்த பொய்யென்பர். மற்றொரு சாரார், அக்கொலை யுண்மையின் ஆவைப் போற்றுதல் முழுதும் பிற்காலத்தார் வேடமென்பர். இவ்விருவரும் மூலநூல்களின் ஏட்டைப் புரட்டியவராகத் தோன்றவில்லை. சைவர்க்கு வேதமும் ஆகமமும் இறைவன் நூல்களாதலின், அந்நூல் கூறுவது யாதென அறியாமலே அதற்குக் காவலராக முன்னிற்றல் நமக்கு அழகன்று. ஆதலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது விரித்தாராய்வாம்.

முதற்கண் மதுபருக்கம் என்பதனை எடுத்துக்கொள்வாம். தேனும் தயிரும் கலந்து விருந்தினர்க்கு அளிக்கும் உபசாரம் இது. வேள்வியாசான், குரு, மணமகன், அரசன், வேதம் ஓதி முடித்துக் குளித்தெழுந்த மாணவன் முதலியோர் இல்லத்துக்கு வருங்கால் இதனைச் செய்தல்வேண்டுமெனக் கிருகிய சூத்திரங்கள் விதிக்கின்றன. ஆச்சுவலாயனர் இவ்விதியைக் கூறி, கால் கழுவ நீரும், அருக்கியமும், மதுபருக்கமும் கொடுத்தபின் ஓர் ஆவை விருந்தினன்முன் கொணர்தல்வேண்டுமென்றும், அதனைக் கொல்லவோ விடவோ அவன் விருப்பின்படி செய்யப்படுமென்றும், அதற்குத் தனித்தனி மந்திரங்கள் இவையென்றும் வகுத்தார். இறுதியில், ஊனில்லாத மதுபருக்கம் இல்லை என்றும் ஒரு சூத்திரஞ் செய்தார். இதனினும் தெளிவான விதி வேண்டுவதில்லை.

இவ்வழக்கு எத்துணைப் பரவியதென்பதற்கு இலக்கணமே சான்று பகர்கின்றது. பாணினியார் மூன்றாம் அத்தியாயத்து நான்காம் பாதத்தில், தாசன், கோக்னன் என்னும் இருசொற்களும் கொடைப்பொருளில் முடியுமென விதந்தோதினார். கோக்னன் என்பது பொதுவகையாற் பார்ப்பின் ஆவைக் கொல்வோன் என்றே பொருள்படும். பாணினியாரோ அச்சொல் கொல்வோனைக் குறியாது, எவன்பொருட்டு ஆ கொல்லப்படுகின்றதோ அவனையே, அஃதாவது விருந்தினனையே குறிக்குமென்றார். ஏழாம் நூற்றாண்டிற் காசிகை யியற்றிய உரைகாரர் இதற்கு இரண்டு நுட்பங்களைக் கூட்டினர். ஒன்று, இச்சூத்திரத்தின் ஆற்றலால் வேள்வியாசான் முதலிய சிறப்புடைய விருந்தினரே கோக்னரெனப்படுவர், உலகத்தாரால் தாழ்த்தப்பட்ட கொலைத்தொழிலாளர் அப்பெயர் பெறார் என்பது. மற்றொன்று, ஆவைக் கொல்லாதவிடத்தும் அத்தகுதியுடைமையால் அவர் கோக்னரென வழங்கப்படுவர் என்பது. இவ்விரண்டாம் நுட்பம் மிக்க கவனத்துக்குரியது. உரைகாரர் காலத்திலே செயல் அருகிச் சொல் மட்டும் நின்றதென்பதை அது குறிப்பாற் காட்டுகின்றது. இலக்கணநூலார் வழக்கிறந்த சொல்லைக் காக்குமாறு போல வேறு யார் காப்பார்!

இனி, இச்சான்றுகளை மறைக்க முயல்வார் கூறும் மூன்று உபாயங்களையும் நோக்குவாம். அவையும் முற்றும் வெறுமையன அல்ல. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மையுண்டு. அதனாற்றான் அவை கேட்போரை மயக்குகின்றன.

கோ என்பது ஆவை மட்டுமன்றி அதன் பாலையும் குறிக்குமென்பது முதலாவது. இது மெய்யே. யாற்கர் தம் நிருத்தத்தில் சோமத்தொடு கலக்கப்படும் பாலைக் கோ என்னுஞ் சொல்லால் வேதம் வழங்குதலை எடுத்துக்காட்டினார். இஃது ஆகுபெயர், தமிழிலும் இத்தகைய ஆகுபெயர்கள் பல. ஆயினும் சதபதப் பிராமணம் அரசனோ அந்தணனோ விருந்தாக வரின் பெருவிடையையேனும் பெருங்கடாவையேனும் சமைத்தல் வேண்டுமென்று கூறுமிடத்துப் பாலென்று பொருள்கொள்ள இயலுமா? பெருங்கடா பால் தருவதெங்ஙனம்?

இரண்டாவது, ஆலம்பம் என்பது தீண்டுதலேயன்றிக் கொல்லுதலன்று என்பது. இதுவும் ஒரு மருங்கு மெய்யே. திருமணத்தில் மணமகன் மணமகளின் நெஞ்சைத் தொடுதலை அதே வினையாற் கூறுதலுண்டு. ஆனால் விலங்குபற்றி வருமிடத்து, வபையைப் பிரித்தெடுத்தலும், அதனைத் தீயிற் காய்ச்சுதலும், உறுப்புக்களைப் பகுத்து ஆகுதி செய்தலும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. தீண்டிய மாத்திரையான் விலங்கின் வபை வெளிப்படுவதில்லை. சொல்லுக்குப் பொருள்கொள்ளும்போது இடமும் இயைபும் நோக்கவேண்டுமென்பது நம் உரையாசிரியர் மரபன்றோ?

மூன்றாவது, கோக்னன் என்பதிலுள்ள வினைப்பகுதிக்குத் தாதுபாடத்தில் கொலை, செலவு என்னும் இருபொருள் உண்மையின், ஆவைப் பெறுவோன் என்றே பொருள்கொள்ளல் வேண்டுமென்பது. இது கேட்டற்கு இனியது. ஆயின், ஆவைப் பெறுதல் மாத்திரமே பொருளாயின், காசிகை யுரைகாரர் அப்பெயர் கொலைத்தொழிலாளரைக் குறியாதென்று விலக்குதற்கு இடமேது? ஆவைத் தானமாகப் பெற்றவனைக் கொலைத்தொழிலாளனென்று மயங்குவார் யார்? விலக்கு இருத்தலினால் மயக்கத்துக்கு இடமிருந்தமை தெரிகின்றது. மயக்கத்துக்கு இடமிருந்தமையாற் கொலைப்பொருளே அவர் கொண்டதென்பது பெறப்படுகின்றது. எழுத்தையுஞ் சொல்லையும் வளைத்துச் சமயத்தைக் காப்பாம் என்பார் முடிவில் இலக்கணத்தையும் இழப்பர், சமயத்தையும் இழப்பர்.

அற்றேல், வேதத்தில் வரும் ஒவ்வொரு தொடரையும் கொலைக்கே சான்றாகக் கொள்ளல்வேண்டுமோ எனின், வேண்டா. இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டலத் திருமணச் சூக்தத்தில் மகநாளில் ஆக்கள் படும் என வருமிடத்தைக் கொலைக்குக் காட்டுவாருளர். சாயனரோ, மணமகன் இல்லத்துக்கு ஓட்டுதற்பொருட்டுக் கோலால் அடிக்கப்படுதலே அங்குப் பொருளென்றார். அவ்வுரையை மறுத்தற்கு வலிய ஏது இல்லை. ஆதலின் அவ்விடத்தை இருபாலாரும் விட்டுவிடுதல் நன்று. ஆனால் அதே மண்டலத்து 86 ஆம் சூக்தத்தில், தனக்குப் பதினைந்தும் இருபதுமாக விடைகள் சமைக்கப்படுதலை இந்திரன் தானே கூறுமிடத்தும், எட்டாம் மண்டலத்தில் அங்கியங்கடவுள் விடையை உணவாகவுடையோன் எனப்படுமிடத்தும் இத்தகைய வேறுபொருள் கொள்ளுதற்கு வழியில்லை.

மறைப்பாரை நோக்கி இதுகாறும் கூறினாம். இனி, போற்றுதல் முழுதும் பின்னெழுந்த வேடமென்பாரை நோக்கிச் சில கூறுதும்.

ஆவைக் கொல்லற்க என்னும் குரலும் அவ்வேதத்துள்ளேயே உண்டு. இருக்கு வேதம் ஆவுக்கு அக்நியை என்றொரு பெயர் வழங்குகின்றது. யாற்கர் இதற்குக் கொல்லத்தகாதது எனவும், பாவத்தைக் கொல்வது எனவும் இருவகையாற் பொருளுரைத்தார். எட்டாம் மண்டலத்து 101 ஆம் சூக்தத்தில் ஒரு மந்திரம் ஆவை உருத்திரர்களின் தாயாகவும், வசுக்களின் மகளாகவும், ஆதித்தர்களின் உடன்பிறந்தாளாகவும் போற்றிக் குற்றமற்ற அதனைக் கொல்லாதிருக்குமாறு அறிவுடைய மாந்தர்க்கு அறிவுறுத்துகின்றது. மதுபருக்கத்தில் ஆவை விடுவிக்க விரும்பும் விருந்தினன் ஓதவேண்டிய மந்திரமாக ஆச்சுவலாயனர் எடுத்தது இதனையே. கொலைவிதியும் விடுதலை மந்திரமும் ஒரே கண்டிகையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இஃது ஆராய்வார் பலர் கண்டுங் காணாது செல்லும் இடமாகும்.

சதபதப் பிராமணத்து மூன்றாங் காண்டத்தில் இன்னும் வியப்பான ஒரு பகுதி யுண்டு. கறவையும் உழவெருதும் இவ்வுலகனைத்தையும் தாங்குகின்றன. பிறவுயிர்களின் ஆற்றலையெல்லாம் தேவர்கள் அவற்றினுள் வைத்தனர். ஆதலின் அவற்றை உண்ணற்க. உண்டவன் எல்லாவற்றையும் உண்டவனாவான் என்று காரணங்கூறி விலக்கிய பின், அதனை யடுத்து யாஞ்ஞவற்கியர் கொள்கையும் கூறப்படுகின்றது: ஊன் மென்மையுடையதாயின் யான் உண்பேன் என்பது அவர் கூற்று. விலக்கும் உடன்பாடும் ஒரே மூச்சில் வருகின்றன. விலக்கியவர் பாலையும் உழவையும் காரணமாகக் காட்டினமையும் நோக்கத்தக்கது. ஆபத்தம்பரும், கறவையும் உழவெருதும் உண்ணத்தக்கன என்று ஒரு சூத்திரத்திற் கூறி, எருதின் ஊன் வேள்விக்குரிய தூய்மையுடையதென வாசசநேயகங் கூறும் என அடுத்த சூத்திரத்திற் சேர்த்தார். அக்காலத்துச் சான்றோர் தம்முள் இதுபற்றி ஒருமனத்தராய் இருந்திலர் என்பதே இவற்றாற் போதரும் உண்மை. ஒரு சாரார் விதியையும் மற்றொரு சாரார் விலக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு பொருதல் ஒரு கையாற் கொட்டித் தாளமிடுதலை யொக்கும்.

மருத்துவ நூலும் இவ்விருநிலையைக் காட்டுகின்றது. சரகசங்கிதையின் சிகிச்சைத் தானத்தில், ஆதிகாலத்து வேள்வியில் விலங்குகள் கட்டி விடப்பட்டனவேயன்றிக் கொல்லப்படவில்லை; தக்கன் வேள்விக்குப் பின்னரே கொலை புகுந்தது; பிருடத்திரன் நெடுவேள்வி செய்கையிற் பிற விலங்கு கிடையாமையால் ஆக்களைக் கொன்றான்; அவ்வூனின் கனமும் வெம்மையும், உண்டார் நெஞ்சின் நடுக்கமும் காரணமாக அதிசாரநோய் முதன்முதல் தோன்றிற்று என்றொரு வரலாறு கூறப்படுகின்றது. அதே நூலின் சூத்திரத்தானமோ, உணவுப்பொருள்களின் குணங்கூறுமிடத்து, ஆவின் ஊன் வறட்டிருமல், முறைமாறி வருங் காய்ச்சல், மிகுபசி முதலியவற்றுக்கு நன்மருந்தென எவ்வித நாணமுமின்றி எழுதிச் செல்கின்றது. மருத்துவன் சமயவாதியல்லன், கண்டதைக் கண்டவாறே வைத்தான்.

பின்னர்க் காலஞ்செல்லச்செல்ல விலக்குரையின் வலி பெருகிற்று. அதன் படிகளை நூல்களாலும் சாசனங்களாலும் ஓரளவு அளந்தறியலாம். கௌடலியர் பொருணூலில் கன்று, விடை, கறவை என்னும் மூன்றும் கொல்லத்தகாதன என விதித்துக் கொன்றவனுக்கு ஐம்பது பணம் தண்டம் வைத்தார். அசோகர் ஐந்தாந் தூண் சாசனத்திற் கொல்லலாகாத உயிர்களை நெடுக எண்ணியவர், நேர்ந்துவிடப்பட்ட காளையைச் சேர்த்தாரேயன்றி ஆவைப் பொதுவாக எண்ணினாரல்லர். மனுமிருதி ஆவின் கொலையை உபபாதகங்களில் வைத்ததேயன்றி மாபாதகங்களில் வைக்கவில்லை. மதுபருக்கம், வேள்வி, தென்புலத்தார் கடன் என்னும் இடங்களில் விலங்கைக் கொல்லுதற்கு உடன்பாடும் கூறிற்று. ஆயின், இரண்டாஞ் சந்திரகுத்தர் காலத்துக் குத்த ஆண்டு 93 இல், அஃதாவது கி. பி. 412-413 இல், சாஞ்சியிற் பொறித்த கொடைச்சாசனம், அறத்தை அழித்தோனை ஆவையும் அந்தணனையும் கொன்ற பாவஞ் சேர்க என்று ஒருசேர வைத்துச் சபிக்கின்றது. உபபாதகம் அந்தணன் கொலையோடு ஒருதட்டில் ஏறிவிட்டது. நம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களின் இறுதியிற் கங்கைக்கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவம் என வரும் ஓம்படையும் இவ்வழியினதே.

இப்படிகளுள் அறிவுக்குப் பெருவிருந்தாவது மிதாட்சரையில் உள்ளது. மேலைச் சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் இறுதியையும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, விஞ்ஞானேசுவரர் யாஞ்ஞவற்கிய மிருதிக்கு வகுத்த உரை அது. வேதமோதிய விருந்தினனுக்குப் பெருவிடையையேனும் பெருங்கடாவையேனும் அமைத்தல் வேண்டுமென மிருதி கூறிற்று. உரைகாரர் என் செய்தார்? மூலத்தை அழித்தாரல்லர், சொற்கு இல்லாத பொருளைப் படைத்தாருமல்லர். ‘இது தங்கள்பொருட்டு எம்மால் அமைக்கப்பட்டது’ என விருந்தினன் மகிழுமாறு மொழிதலே கருத்தாகும், கொடுத்தற்கன்று, கொல்லுதற்குமன்று, ‘எம்முடைய எல்லாம் தங்களுடையனவே’ என்று உபசாரம் கூறுமாறு போல்வது என்றார். அதற்குக் காரணமும் இரண்டு காட்டினார். வரும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எருது கொடுக்க யாரால் இயலும் என்பது ஒன்று. இதிலுள்ள நகைச்சுவை அறிந்து நுகர்தற்குரியது. மற்றொன்று, அறமேயாயினும் உலகத்தார் வெறுப்பதாயின் அதனைச் செய்யலாகாது என்னும் அம்மிருதியின் விதியே. விதி இருந்ததென ஒப்புக்கொண்டு, உலகம் அதனை வெறுத்தமையால் அது கைவிடப்பட்டதென்று நேரே உரைத்த இவ்வுரைகாரரின் நேர்மை இன்றைய மேடைகளில் அரிதாகவே உளது.

பவபூதியின் உத்தரராமசரிதத்து நான்காம் அங்கத்து முகப்பில் இம்மாறுதலே நாடகமாகின்றது. வான்மீகியார் தவப்பள்ளிக்கு வசிட்டர் வந்தபொழுது கன்று ஒன்று வெட்டப்பட்டதைக் கண்ட மாணவனொருவன், வந்தவர் புலியோ ஓநாயோ என்று தான் எண்ணியதாகக் கூறுகின்றான். ஊனோடு கூடியதே மதுபருக்கம் என்னும் மறைவழக்கை உடன்மாணவன் அவனுக்கு நினைவூட்டுகின்றான். ஊனுணவை ஒழித்த சனகருக்கோ தயிருந்தேனுமே அளிக்கப்பட்டன. எட்டாம் நூற்றாண்டிற் கேட்டார்க்கு முதன்மாணவன் கூற்று நகை விளைத்திருத்தல் வேண்டும். விதியும் அவர்க்கு மறந்துபோகவில்லை.

கலியுகத்தில் விலக்கப்பட்டன என ஒரு வசனம் ஐந்தை எண்ணும். குதிரைவேள்வி, ஆவேள்வி, துறவு, தென்புலத்தார்க்கு ஊன் படைத்தல், கொழுநனுடன்பிறந்தானால் மகப்பெறுதல் என்பன அவை. பிருகந்நாரதீய புராணமும் மதுபருக்கத்தில் விலங்கு கொல்லுதலைக் கலியில் விலக்கியவற்றுட் சேர்த்தது. மீமாஞ்சை நூலார் கொள்கைப்படி, நேர்தற்கு இயைபுடையதே விலக்கப்படும். வானத்தில் தீமூட்டற்க என்று யாரும் விதிப்பதில்லை. ஆகவே கலியில் விலக்குதலே முன்னர் நிகழ்ந்தமைக்குப் பெருஞ்சான்றாம். இனி மடாலயத்துப் பெரியோர் ஒன்று நோக்குவாராக. அவ்வைந்தனுள் துறவும் ஒன்று. வருணப்பாகுபாடும் வேதமும் உள்ளவரை துறவு கலியினும் ஆகுமென வேறொரு வசனங்கொண்டு அதனைமட்டும் மீட்டுக்கொண்டனர், ஆவேள்வியை மீட்பாரிலர். ஒரே வரிசையில் நின்ற இரண்டனுள் ஒன்று மீண்டது, ஒன்று மீளாதொழிந்தது. அதற்குக் காரணம் வசனத்தின் வலியன்று. சான்றோர் நெஞ்சு உவந்ததும் உவவாததுமே.

சைவராகிய நமக்கு இன்னும் அணுக்கமான ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. அது சூலகவம் என்னும் வேள்வி. உருத்திரனுக்கே உரிய வேள்வி இது. ஆச்சுவலாயனர் கூதிரிலேனும் இளவேனிலிலேனும் திருவாதிரை நாளில் இதனைச் செய்க என்கின்றார். மந்தையிற் சிறந்த விடையைத் தேர்ந்து வளர்த்து, ஊருக்குப் புறம்பே, ஊர் கண்ணுக்குப் புலனாகாத இடத்தில், நள்ளிரவுக்குப்பின் அதனைக் கொன்று, அரன், மிருடன், சருவன், சிவன், பவன், மகாதேவன், உக்கிரன், வீமன், பசுபதி, உருத்திரன், சங்கரன், ஈசானன் என்னும் பன்னிரு பெயர்களால் வபையை ஆகுதி செய்க என்கின்றார். இவ்வேள்விப் பொருளை ஊர்க்குள் கொணர்தலாகாது என்றும் விலக்குகின்றார். நாம் நாடோறும் போற்றும் திருப்பெயர்களும், நாம் விழாவெடுக்கும் திருவாதிரை நாளும் இவ்விடத்தில் வருதலைப் படிக்குங்கால் உள்ளம் துணுக்குறும். துணுக்குற்றாலும் ஏட்டை மூடற்க. அடுத்த ஏடும் உளது.

போதாயனர் இவ்வேள்வியைக் கூறி, ஆன் கிடையாதாயின் ஆடேனும், அன்றி ஈசானனுக்குத் தாலிபாகமாகிய பொங்கற்சோறேனும் அமைக்க. ஆனாற் செய்வன எல்லாவற்றையும் அச்சோற்றாலேயே செய்க என்றார். இரணியகேசியின் சூத்திரத்தில் இரண்டு குடில்கள் எடுக்கப்படுகின்றன. விடையைத் தென்குடிலிலும், மீடுசி என்னும் அதன் துணையை வடகுடிலிலும், சயந்தன் என்னும் கன்றை இடையிலும் நிறுத்தி, நீர் பருகச்செய்து, மூன்று சோறு அட்டு, அவற்றை அவை தீண்டச்செய்து ஆகுதி புரிக என்பதே அங்கு விதி. கொலை கூறப்படவில்லை, சூலத்திற் கோக்கும் விடை என்னும் பழம்பெயர் மட்டும் நிற்கின்றது. பாரஸ்கரரோ சூலகவத்தை யடுத்த கண்டிகையிலேயே விருடோற்சர்க்கத்தை, அஃதாவது உருத்திர மந்திரமோதி விடையைத் துணைகளொடு விடுதலை செய்து திரியவிடும் வினையை, வைத்தார். விடை சூலத்தினின்று இறங்கித் தானே திரியும் ஏறாயிற்று. பின்னர் ஆகமங்கள் வழிபாட்டை வகுத்த காலத்து, விடை இறைவன் ஊர்தியும் கொடியுமாய்த் திருமுன்றிலிற் கிடக்கும். ஆவின் ஐந்து பொருளும் திருமுழுக்குக்கு ஆகும். அதன் உயிரைக் கேட்பது அவ்வழிபாட்டில் இல்லை. வேதம் பொதுநூல், ஆகமம் சிறப்புநூல் என்று திருமூலநாயனாரும் அருணந்தி சிவாசாரியரும் வகுத்த முறையைக் கொள்வார்க்குப் பொதுவிற் கிடந்த வழக்கொன்று சிறப்பினுள் ஒழிதலாற் குறைவென்னை? வரலாற்றை மறைத்தற்கு அவர்க்குத் தேவையும் இல்லை.

தமிழ்நாட்டுப் பழஞ்செய்யுட்களும் இதில் வாய்மூடியிருக்கவில்லை. மழவர் கொழுத்த ஆவைக் கொன்று தெய்வம் உறையும் வேம்பின்கீழ்ப் பலியிட்டு அதன் ஊனுண்டமை அகநானூற்றிற் கூறப்பட்டது. மணிமேகலையில் ஆபுத்திரன், மறையோர் வேள்விச்சாலையிற் கொலைக்கென மாலைசூட்டிக் கட்டிய ஆவைக் கண்டு இரங்கி, இரவில் அதனைக் கொண்டு சென்று அடியுண்டான். பௌத்தர் நூலாதலின் இகழ்ந்துரைத்ததென்று இதனைத் தள்ளுவாருளர். கிருகிய சூத்திரங்களை முன்வைத்துப் பார்ப்பார் அங்ஙனந் தள்ளார்.

இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதையாய் நில்லாமல் இன்றுள்ள மாந்தரைச் சென்று தொடும் இடமொன்றுண்டு. ஆவின் ஊனுண்பார் என்னும் ஒரு காரணங்காட்டிப் பல குடிகளைத் திருக்கோயிற் புறத்தே நெடுங்காலம் நிறுத்தினர். அவ்வாறு நிறுத்தியவர் தம் முன்னோர்க்குரிய சிறப்புப்பெயர்களுட் கோக்னன் என்பதும் ஒன்று என்பதை அறிந்திலர், அல்லது அறிந்தும் உரைத்திலர். அப்பர் சுவாமிகள் ஆறாந் திருமுறைத் தனித்திருத்தாண்டகமொன்றில், நோயால் உறுப்புக் குறைந்தவராயினும், ஆவைத் தோலுரித்துத் தின்று திரியும் கடைப்பட்ட குடியினராயினும், கங்கைச் சடையானுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்குங் கடவுள் என்று அறுதியிட்டார். இதற்குப் பொருள்கூறுவார் சிலர், அங்குள்ள உம்மை இழிவுசிறப்பும்மையாதலின் அவ்வொழுக்கத்தின் இழிவே வற்புறுத்தப்பட்டதென்பர். உம்மை இழிவுசிறப்பும்மையே, அதனை யாரும் மறுக்கிலர். ஆனால் உம்மை சுட்டுவது உலகத்தார் கொண்ட இழிவு. தொடரின் முடிபுப்பயனிலை யாதென்று காண்க, அது வணக்கம். எச்சத்தைப் பற்றிக்கொண்டு பயனிலையை விட்டு ஓடுதல் எவ்விலக்கணத்தின் பாற்படும்?

அற்றேல், சைவர் ஆவின் ஊனை விலக்குதலுக்கு நிலைக்களம் யாது எனின், கூறுதும். பிறரை இழித்தல் அதற்கு நிலைக்களமன்று. முன்னோர் ஒருபோதும் உண்டிலர் என்னும் பொய்யும் அன்று. நெய்சொரிந்து ஆயிரம் வேள்வி வேட்டலினும் ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்றென்ற திருவள்ளுவரின் நெறியும், உயிரெல்லாம் பதிக்கு உடைமை என்னும் சித்தாந்த உண்மையுமே அதற்கு நிலைக்களம். இவ்வுண்மையின்படி ஆவுக்கும் ஆட்டுக்கும் வேற்றுமையில்லை என்பதும் உடன் உணரத்தக்கது. கறவை வற்றிய ஆவையும் ஏற்றிளங்கன்றையும் சந்தைக்கு ஓட்டிக் காசாக்கியவன், அவற்றை வாங்கி உண்டவனைப் பாவியென்று வைதல் எவ்வகை அறமோ நாம் அறியோம். கோசாலை வைத்திருக்கும் பெரியோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

பசு என்னுஞ் சொல்லின் வரலாறும் இதனொடு தொடர்புடையது. வேதம் வேள்விக்குரிய பசுக்களை ஐந்தென எண்ணுமிடத்து மக்கள், குதிரை, ஆன், செம்மறி, வெள்ளாடு எனக் கூறும். மகனும் அவற்றுள் ஒன்று. இருகாலனவற்றுக்கும் நாற்காலனவற்றுக்கும் தலைவன் எனப் பசுபதியைப் போற்றியது இக்கருத்தினாலேயே. ஆகமங்கள் இச்சொல்லைக் கட்டுண்ட உயிர்க்குப் பெயராக்கின. கட்டு பாசம், அவிழ்ப்போன் பதி. தூணிற் கட்டப்பட்ட ஆவைக் கண்முன் கண்டவர்களே இவ்வுவமையை முதலில் உணர்ந்திருத்தல் கூடும்.

இதற்குச் சார்பாக, சாமவேதிகளுக்குரிய கோபில கிருகிய சூத்திரத்தில் மதுபருக்கப் பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்காட்டி நிறுத்துவாம். விருந்தினன் தேனுந் தயிரும் உண்டபின், நாவிதன் நின்று, ஆ வந்தது என மும்முறை அறிவிக்கின்றான். அப்பொழுது விருந்தினன் வருணனது பாசத்தினின்றும் இவ்வாவை அவிழ்த்து விடுமாறும், அது புல் மேயுமாறும் நீர் பருகுமாறும் மந்திரத்தாற் கூறுகின்றான். விடப்பட்டுச் செல்லும் ஆவை நோக்கி, உருத்திரர்களின் தாய் எனத் தொடங்கும் மேற்காட்டிய இருக்கு மந்திரத்தை ஓதுகின்றான். வேள்வியல்லாத இடத்தில் இவ்விதி என்றும், வேள்வியாயின் ‘செய்க’ என்று கொலைக்கு இசைவு தருக என்றும் கோபிலர் அடுத்துச் சூத்திரஞ் செய்தார். இன்று மதுபருக்கம் நிகழும் மணவறைகளில் இசைவுச் சொல்லுக்கு வேலையில்லை. தயிருந் தேனும் கொடுத்தபின் ஆவை அவிழ்த்துவிடும் மந்திரமே ஓதப்படுகின்றது.